இன்னொரு பொட்டலம்

காய்ச்சல் வரவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்ட காலம் ஒன்று உண்டு. லேசான கதகதப்பு இல்லை. போர்வைக்குள் பல் கிட்டித்து நடுங்கும்படியான, நாலு பேரிடம் எடுத்துச் சொல்லும்படியான காய்ச்சல். ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு மோட்சம் கேட்பவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைக்கு விசா கேட்பவர்களும் இருக்கிறார்கள். காய்ச்சல் கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தாயார் சன்னதியில் கண்ணை மூடிக்கொண்டு, "நூத்திரெண்டு டிகிரி போதும் தாயே" என்று அளவும் சொன்னேன். கணக்கு டீச்சராகவே ஆயுசைக் கழித்தவளுக்கு வேண்டுதலில்கூட ஓர் எண் வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். என் இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். சிறுநீரகத்தோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். ஆனால் இந்த வகைக்குத் திரும்பி வரும் குணம் உண்டு என்று, காவிரிக்கு அந்தப் பக்கம் டவுனில் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சொன்னார். எனக்கு மகள் வயதுப் பெண். திரும்பி வராமலிருக்க வழக்கமாகக் கொடுக்கும் டிரிப்ஸ் ஒன்று இருக்கிறது. அதற்கு மேல், இன்னும் சோதனையில் இருக்கும் ஒரு தடுப்பூசியும் வந்திருக்கிறது, விருப்பம் இருந்தால் அந்தச் சோதனையில் சேரலாம் என்றார்.

"நோயும் வந்து, வெட்டியும் எடுத்து, தையலும் பிரிச்சாச்சு. இனிமே எதுக்குத் தடுப்பூசி?" என்று கேட்டேன். யார் எது சொன்னாலும் முதலில் ஒரு தப்புக் கண்டுபிடித்துவிட்டுத்தான் காதைக் கொடுப்பேன். பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்த வியாதி அது.

"கட்டியில இருக்கிற செல்லுக்குன்னு சில அடையாளம் இருக்கும்மா," என்றார் டாக்டர். "உங்க கட்டியை ஆராய்ஞ்சு, அந்த அடையாளத்தை வச்சு உங்களுக்குன்னே ஒரு ஊசி தயார் பண்ணுவாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல திருடன் போட்டோவை ஒட்டி வைக்கிற மாதிரி. உடம்புக்குள்ள எங்கயாவது ஒண்ணு ரெண்டு செல் ஒளிஞ்சிருந்தா, உங்க ரத்தமே அடையாளம் கண்டு பிடிச்சிடும். பிடிக்கும்னு எதிர்பார்க்கிறோம்."

"எதிர்பார்க்கிறோம்னா?"

"நிச்சயமா தெரியாது. அதனாலதான் சோதனை."

சேருகிறவர்கள் எல்லோருக்கும் வழக்கமான டிரிப்ஸ் உண்டு. அதோடு பாதிப்பேருக்குத் தடுப்பூசி, மீதிப்பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். எனக்கும் சொல்ல மாட்டார்கள், டாக்டருக்கும் தெரியாது, ஊசி போடுகிற நர்சுக்கும் தெரியாது. நோய் திரும்பி வந்தால் மட்டும், அடுத்து என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பதற்காகத் திறந்து பார்ப்பார்கள். ஆக, எனக்குப் போட்டது மருந்தா தண்ணீரா என்று நான் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. நோயிடம் தோற்க வேண்டும்.

டாக்டர் இதைச் சொல்ல ஆரம்பித்த உடனேயே நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். "நாணயம் சுண்டறதுதானே? பத்தாம் கிளாசுக்கு நிகழ்தகவு நான்தான் எடுப்பேன்," என்றேன். அது பொய் இல்லை. ஒவ்வொரு நாணயமும் தனி நாணயம், ஒன்று எப்படி விழுந்தது என்பது இன்னொன்றைக் கட்டுப்படுத்தாது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். தொடர்ந்து தலை விழுந்துவிட்டதால் அடுத்தது கட்டாயம் பூதான் என்று பரீட்சையில் எழுதிய பெண்களுக்குச் சிவப்பு மையால் சுழித்து முட்டை போட்டவள். அதில் ஒரு பெண் அழுதுகூட இருக்கிறாள். நான் அசையவில்லை.

"அப்ப உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம் டீச்சர்," என்றார் டாக்டர். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடுமுன் யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பி, நேராக வீட்டுக்கு வந்து பூக்கட்டிப் பார்த்தேன்.

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த காரியம். ஒரே மாதிரிக் காகிதம் இரண்டு கிழித்து, ஒன்றில் வெள்ளைப் பூவும் ஒன்றில் சிவப்புப் பூவும் வைத்து மடித்துப் பொட்டலமாக்கி, பெருமாள் முன்னால் போடுவது. ஒன்றை எடுத்துப் பிரித்தால் திருவுள்ளம் தெரிந்துவிடும். வரன் முடிவாவதும் வீடு வாங்குவதும் இப்படித்தான். கள்ளம் கபடம் இல்லாத ஆள் எடுக்கவேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் இருப்பது நானும் என் கணவரும் மட்டும் என்பதால் அந்தத் தகுதி யாருக்கு என்று ஒரு சிறு விவாதம் நடந்தது.

"நோக்குச் சந்தேகம் வேறயா?" என்றார் அவர். பொன்மலை ரயில்வே பட்டறை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் தாமதம் என்றால் தாமதம், ரத்து என்றால் ரத்து. எதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளும் சுபாவம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். சிவப்பு வந்தது. சோதனையில் சேர்ந்தேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். சேர்ந்த பிறகு, என் பங்குக்கு விழுந்தது மருந்தா தண்ணீரா என்று இன்னொரு தடவை கட்டினேன். சிவப்பு என்றால் மருந்து. வெள்ளை வந்தது. காகிதம் சரியாக மடியவில்லை என்று சொல்லி மறுபடி கட்டினேன். மறுபடியும் வெள்ளை. பூ வாடிவிட்டது என்று கொல்லையில் போய்ப் புதிய பூப் பறித்துக்கொண்டு வந்தேன்.

"பெருமாள்கிட்டயே மறுகூட்டலா?" என்றார் கணவர். "ஃபீஸ் கட்டினியோ?"

"நீங்க பேசாம எடுங்கோ."

அந்த முறை சிவப்பு வந்தது. அந்த விடையைச் சரி என்று வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் தளிகை பண்ணப் போய்விட்டேன். விரும்பிய விடை வரும்வரை சோதனையைத் திரும்பச் செய்வது எவ்வளவு பெரிய மோசடி என்று என் வகுப்பில் படித்த எந்தப் பெண்ணும் சொல்லிவிடுவாள்.

ஊசி தயாராகி வர நாளாகும் என்றார்கள். யாருக்குத் தண்ணீர் விழப்போகிறதோ அவர்களுடைய கட்டியும் சேர்ந்துதான் வெளிநாட்டுக்குப் போகுமாம், வித்தியாசம் தெரியக்கூடாது என்பதற்காக. எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. என் மாமனார் காலத்தில் கடல் கடந்துவிட்டு வந்தவருக்குப் பிராயச்சித்தம் பண்ணாமல் வீட்டுக்குள் இலை போட மாட்டார்களாம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கடல் கடந்தது என் கட்டிதான். அதுவும் குளிர்சாதனப் பெட்டியில், எனக்கு வாழ்நாளில் கிடைக்காத உபசாரத்தோடு.

இதற்குள் நான் எங்கள் தெருவுக்கே புற்றுநோய்த் தடுப்பூசிப் பேராசிரியை ஆகியிருந்தேன். பால் பூத்தில் நின்று பாடம் எடுத்தேன். எதிர்வீட்டு மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்காத்து மாமாவுக்கும் ஒண்ணு சொல்லி வையேன். வர்றதுக்கு முன்னாடியே போட்டுண்டுட்டா நிம்மதி," என்றாள்.

"அப்படி முடியாது மாமி. டெய்லர்கிட்ட அளவு ரவிக்கை குடுத்தாத்தானே தைப்பான்? இது அவாவா கட்டியை வச்சுத் தைக்கிறது. கட்டி இருந்தாத்தான் ஊசி."

"அப்ப வேண்டாம்டியம்மா," என்று மாமி பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

முதல் ஊசியன்று டிரிப்ஸ் அறையில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவரை நான் முதலில் சரியாகப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஊசியை. மருந்துக்கும் உப்புத் தண்ணீருக்கும் நிறத்தில் ஏதாவது வித்தியாசம் இருக்குமா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லி நர்சிடம் கேட்டேன். நர்ஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் குத்தினாள். "காய்ச்சல், குளிர் வரலாம். வந்தா பாராசிட்டமால் போட்டுக்கங்க. அதிகமா இருந்தா போன் பண்ணுங்க," என்றாள்.

அவள் சொன்னது அவ்வளவுதான். காய்ச்சல் வந்தால் மருந்து, வராவிட்டால் தண்ணீர் என்று நானே ஒரு தேற்றம் எழுதி, நிரூபிக்காமலேயே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

பக்கத்து நாற்காலிக்காரர் பச்சைமலையில் மரவள்ளியும் சாமையும் போடுகிற விவசாயி. என்னைவிட நன்றாகவே இளையவர். எனக்கு வந்த அதே நோய், அதே சோதனை. மலையிலிருந்து அதிகம் பஸ் கிடையாது என்பதால் முதல் நாளே துறையூருக்கு இறங்கி, அங்கே கட்டிக் கொடுத்திருக்கும் மகள் வீட்டில் தங்கி, காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வருவாராம். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து இறங்குவதும் அங்கேதான். ஊசி முடிந்து திரும்பும்போது அங்கே ஒன்றாக நின்று டீ குடித்துவிட்டு, அவர் துறையூர் பஸ் ஏறுவார், நான் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறுவேன் என்று வழக்கமாகிவிட்டது. டீச்சர் என்று தெரிந்ததிலிருந்து நான் அவருக்கு டீச்சரம்மா.

"இதுல சேரலாமா வேணாமான்னு சாமிகிட்ட பூ கேட்டேங்க," என்றார் முதல் நாளே. "வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். செவ்வரளி வந்திச்சு. நீங்கள்லாம் படிச்சவங்க, இதெல்லாம் பாக்க மாட்டீங்க."

"சேச்சே," என்றேன். பிறகு மனசு உறுத்தி, டீ வருவதற்குள் மறுகூட்டல் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. தெர்மாமீட்டர் பழசு என்று கணவரை அனுப்பிப் புதிது வாங்கிவரச் சொன்னேன். புதியதும் அதையே சொன்னது. வெயிலில் வைத்துவிட்டு எடுத்தபோது மட்டும் ஏறியது. மூன்று வாரம் கழித்து அடுத்த ஊசிக்குப் போனபோது பச்சைமலைக்காரர் நாற்காலியில் சாய்ந்தபடி, "காச்சல்னா காச்சல் டீச்சரம்மா, கட்டிலே ஆடிப்போச்சு. வீட்டுக்காரி சாமி வந்திருச்சுன்னு பயந்துட்டா," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் பொறாமை எனக்குப் புதிதில்லை. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து எனக்கு முன்னால் தலைமையாசிரியை ஆனவளைப் பார்த்துப் பட்டிருக்கிறேன், முழங்கால் வலி இல்லாமல் வைகுண்ட ஏகாதசி கியூவில் நிற்பவர்களைப் பார்த்துப் பட்டிருக்கிறேன். ஆனால் ஒரு மனுஷன் கட்டில் ஆட நடுங்கியதைக் கேட்டு, அது எனக்கு வந்திருக்கக் கூடாதா என்று வயிறு எரிந்தது அதுதான் முதல் தடவை. அவருக்கு மருந்து, எனக்குத் தண்ணீர். வாய் "பாவம், உடம்பைப் பாத்துக்குங்க" என்றது.

அவருக்கு என் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. "உங்களுக்கும் வரும் டீச்சரம்மா. சில பேருக்கு லேட்டாத்தான் வரும்," என்றார், மலை பஸ்சைப் பற்றிச் சொல்வது போல.

அடுத்தடுத்த ஊசிகளும் அப்படியே போயின. அவருக்கு ஒவ்வொரு முறையும் ஏதாவது வரும், குளிர் வரும், கை கால் குடைச்சல் வரும். எனக்குப் பசி நன்றாக எடுத்தது, தூக்கம் நன்றாக வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதே என்று நான் துக்கப்பட்டேன். தாயாரிடம் நூற்றிரண்டு டிகிரி கேட்டது அந்த நாட்களில்தான்.

தாயார் கொடுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கோலம் போட்டுவிட்டு நிமிரும்போது முதுகில் குளிர் ஏறியது. பல் அடித்துக்கொண்டது. உள்ளே ஓடி, "ஏன்னா, வந்துடுத்து!" என்று கத்தினேன்.

திருவாராதனம் பண்ணிக்கொண்டிருந்தவர் மணியைக் கீழே வைத்துவிட்டு, "யாரு?" என்றார்.

"காய்ச்சல்!"

அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. நெற்றி சுட்டதற்காகச் சந்தோஷத்தில் கண் கலங்கிய மனுஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அன்றைக்கு அவரே அக்காரவடிசல் பண்ணினார், நெய் வழிய வழிய. எதிர்வீட்டு மாமிக்கு ஒரு கிண்ணம் போயிற்று. மாமி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நன்னா சுடறதுடி! க்ஷேமமா இரு," என்று ஆசீர்வாதம் பண்ணினாள். நான் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே எல்லோருக்கும் நன்றி சொன்னேன்.

பாராசிட்டமால் போட்டுக்கொள்ளவில்லை. போட்டால் இறங்கிவிடுமே. கஷ்டப்பட்டு வந்ததை எதற்கு இறக்கவேண்டும்? ஒரு காகிதத்தில் வரைபடம் வேறு போட்டேன். இடுப்பு வலித்தது, நீர்க்கடுப்பும் இருந்தது. வெயில் என்று தள்ளிவிட்டேன். முந்தின ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகிவிட்டது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஊசிக் காய்ச்சல் வருவதென்றால் அன்றைக்கோ மறுநாளோ வந்துவிட்டுப் போகும். மறுநாள் காய்ச்சல் நூற்றிமூன்றைத் தொட்டதும், பரீட்சை முடிவு சொல்லும் பெருமையோடு டாக்டருக்குப் போன் பண்ணினேன்.

டாக்டர் நான் எதிர்பார்த்த மாதிரி சந்தோஷப்படவில்லை. கேள்விகள் கேட்டார். கடைசியில், "எத்தனை நாளாம்மா நீர்க்கடுப்பு? உங்களுக்கு இருக்கிறது ஒரே ஒரு கிட்னி. உடனே கிளம்பி வாங்க. உடனே!" என்றார்.

சிறுநீர்த் தொற்று. இருக்கிற ஒரு சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து நரம்பில் மருந்து ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் டயாலிசிஸ் வரை போயிருக்கும் என்று சொல்லிவிட்டு, அந்தப் பொறுமைசாலிப் பெண் முதல்முறையாக என்னிடம் கோபப்பட்டார்.

"காய்ச்சலை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது டீச்சர். எல்லாருக்கும் போடறோமே டிரிப்ஸ், அதுலயே காய்ச்சல் வரலாம். தடுப்பூசி போட்டுக்கிட்டவங்கள்ல சிலருக்கு ஒண்ணுமே வராது. ஊசியில மருந்து இருக்கு, இல்லன்னு காய்ச்சல் எந்தப் பக்கமும் நிரூபிக்காது. இது பத்தாம் கிளாஸ் கணக்குதானே?"

என் கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் போனதும், "அக்காரவடிசல் மிச்சம் இருக்கு. என்ன பண்றது?" என்று கேட்டார். சிரிக்க ஆரம்பித்தேன், அது அழுகையில் போய் முடிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். தேற்றம், தெர்மாமீட்டர், பூ எல்லாம் அந்தப் பயத்தின் மேல் நான் போர்த்திக்கொண்ட துணிமணிகள். எனக்குச் சாக விருப்பம் இல்லை. ஒவ்வொரு முறையும் தண்ணீரை வாங்கிக்கொண்டு, பாதுகாப்பாக இருக்கிறேன் என்று நினைத்தபடி காவிரிப் பாலத்தில் திரும்பிப் போகிறேனோ என்பதுதான் என் பயம். அதை அவரிடம் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எனக்கும்தான்," என்றார்.

அந்த வாரம் ஊசிக்கு வந்த பச்சைமலைக்காரர், கதையைக் கேள்விப்பட்டு வார்டுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறைய மரவள்ளிக் கிழங்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பவளுக்குச் சாத்துக்குடி கொண்டு வருவார்கள். இவர் மண்ணோடு கிழங்கு கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

"ஏன் டீச்சரம்மா, கேட்டிருந்தா என் காச்சல்ல பாதிய குடுத்திருப்பேனே," என்றார். "நீங்க போயி வேற எங்கயோ வாங்கியிருக்கீங்க."

வேறு யாராவது சொல்லியிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். அவர் சொன்னபோது, "அடுத்த தடவை உங்ககிட்டயே வாங்கிக்கிறேன்," என்றேன்.

அதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஊசி போட்டு வந்த அன்று தெர்மாமீட்டர் இருக்கும் அலமாரிப் பக்கம் போகாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன், அவ்வளவே. ஸ்கேன் எடுப்பார்கள். எனக்கும் சுத்தம், அவருக்கும் சுத்தம். சத்திரத்தில் டீ குடிப்போம். அவர் மழை வரவில்லை என்பார், மலையில் காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டிப் போட்டுவிட்டது என்பார். நான் எதிர்வீட்டு மாமியின் கதைகளைச் சொல்வேன். அவர் மாமியைப் பார்த்ததே இல்லை, ஆனால் எப்போதும் முதலில் அவளைத்தான் விசாரிப்பார். எங்களுக்கு இருந்த நோயைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது மிகவும் குறைவு.

ஊசிகள் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்த சமயம், ஒரு நாள் டிரிப்ஸ் அறையில் அவருடைய நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். நர்சிடம் கேட்டேன். டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார் என்றாள். டிரிப்ஸ் அன்றைக்கு எவ்வளவு மெதுவாக இறங்க முடியுமோ அவ்வளவு மெதுவாக இறங்கியது.

சத்திரத்தில் துறையூர் பஸ் நிற்கும் இடத்தில், எங்கள் டீக்கடையிலேயே இருந்தார். எனக்காகத்தான் இரண்டு பஸ்சை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாராம். எனக்கும் ஒரு டீ சொன்னார். அவர் எதிர்வீட்டு மாமியை விசாரிக்கவில்லை என்றதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"நுரையீரல்ல ரெண்டு எடத்துல தெரியுதாம்," என்றார். "இனிமே தினம் மாத்திரையாம். அதுக்கு கேக்கும்னு டாக்டரம்மா சொல்லுது."

"கேக்கும்," என்றேன்.

"எனக்கு என்ன போட்டாங்கன்னு தொறந்து பாத்துச் சொன்னாங்க டீச்சரம்மா." டீயை ஒரு வாய் குடித்தார். "தண்ணியாம்."

நான் பொறாமைப்பட்ட காய்ச்சல் எல்லாம் டிரிப்ஸ் கொடுத்த காய்ச்சல். கட்டில் ஆட நடுங்கிய மனுஷனுக்குப் போட்டது உப்புத் தண்ணீர். அவருடைய நடுக்கத்தை வைத்து நான் எத்தனை கணக்குப் போட்டிருக்கிறேன், எவ்வளவு வயிறு எரிந்திருக்கிறேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டீக்கடைப் பலகையில் எழுதியிருந்த வடை போண்டாவை எல்லாம் ஒன்று விடாமல் படித்தேன்.

"நீங்க ஏங்க மூஞ்சிய அப்பிடி வச்சிருக்கீங்க?" என்றார் அவர். "உங்களுக்கு நல்ல சேதிதானே இது? யோசிச்சுப் பாருங்க. ரெண்டு பொட்டலம். ஒரே நாளு, ஒரே ரூமு, நீங்க ஒரு நாற்காலி, நான் ஒரு நாற்காலி. வெள்ளை எங்கிட்ட வந்திருச்சு. அப்ப செவப்பு எங்க இருக்கும்? உங்ககிட்டதான் டீச்சரம்மா. காலையில டாக்டரம்மா சொன்னதுலேருந்து இதைத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். சொல்லிட்டுப் போயிரணும்னுதான் உக்காந்திருந்தேன்."

அது அப்படி இல்லை. எங்கள் இருவருக்கும் முன்னால் இரண்டு பொட்டலங்களை யாரும் வைக்கவில்லை. உலகம் முழுக்க எத்தனையோ பேர் சேர்ந்த சோதனை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சுண்டிய நாணயம். அவருக்குத் தண்ணீர் விழுந்ததால் எனக்கு மருந்து விழுந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எனக்கும் தண்ணீராகவே இருக்கலாம். இதே தப்பைத்தான் நான் காலமெல்லாம் சிவப்பு மையால் சுழித்தேன். விளக்கம் வாய் வரைக்கும் வந்துவிட்டது. முதல் வாக்கியம்கூடத் தயாராக இருந்தது.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் காலையிலிருந்து அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல சேதி அது. அதுவும் அவருக்கானது இல்லை, எனக்கானது. அதைப் பொத்திக்கொண்டு, இரண்டு பஸ்சை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஆமாங்க," என்றேன். "எங்கிட்டதான் இருக்கும்."

"இருக்கும்னு என்ன இழுக்கறீங்க? இருக்கு."

"இருக்குங்க."

அவருக்குத் திருப்தியாக இருந்தது. துறையூர் பஸ் வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் பின்னால் எடுத்துத் திரும்பும்போது தலையை வெளியே நீட்டி, கூட்டத்தின் இரைச்சலுக்கு மேல், "பத்திரமா வச்சுக்குங்க டீச்சரம்மா!" என்றார்.

"வச்சுக்கிறேன்," என்றேன். அவருக்குக் கேட்டிருக்காது. பஸ் போனபிறகு, பூக்காரிகளும் கண்டக்டர்களும் பார்க்க, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். பிறகு ஒன்றாம் நம்பர் ஏறி, பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்தேன்.

கணவர் வாசல் கதவைத் திறந்துவிட்டு, எப்போதும் போல, "என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"சிவப்புப் பொட்டலம் நம்மகிட்டதான் இருக்காம்."

அவர் என் கண்ணைப் பார்த்தார். யார் சொன்னது என்று கேட்கவில்லை.

"மறுகூட்டல் போடலையா?" என்றார்.

"வேண்டாம்," என்றேன்.